பொறியியலோடு வரலாறும் இலக்கியமும்: மகளின் விருப்பத்துக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். என் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில், அறிவியல் பிரிவில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறாள். அதற்கு முன் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்து ஏ பெற்றவள். சிவில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் வரலாறு, மெய்யியல், இலக்கியம், சமூகவியல் போன்ற மனிதவியல் பாடங்களையும் சேர்த்துக் கற்பிக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான் சேர வேண்டும் என்று உறுதியாக நிற்கிறாள். என் கணவரின் அண்ணன் பாயான் லெப்பாஸில் பொறியியலாளராக இருக்கிறார். "பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு வரலாறு எதற்கு? அந்த நேரத்தில் இன்னும் இரண்டு மென்பொருள் கற்றுக்கொண்டால் வேலைக்கு உதவும்" என்கிறார். இப்படிப் படிப்பது நேர விரயமா? வேலை கிடைப்பதில் சிக்கல் வருமா? பல்கலைக்கழகங்கள் விளம்பரத்தில் சொல்வது உண்மைதானா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் கேட்பது நியாயமானது. அந்த வழியில் அவரை விடலாம் என்பதே என் கருத்து. கோலாலம்பூரில் சிவில் பொறியியலாளராகவும் பின்னர் விரிவுரையாளராகவும் பணியாற்றியவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெறப்போகும் பட்டம் பொறியியல் பட்டமாக முறைப்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மனிதவியல் பாடங்கள் இலையோரத்து ஊறுகாயாக இல்லாமல், பொறியியல் வடிவமைப்பு வேலைக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும். முதலாவதைச் சரிபார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். இரண்டாவதற்குச் சற்று மெனக்கெட வேண்டும். அதைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

அங்கீகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ், பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு செய்துகொள்ள, மலேசியப் பொறியியலாளர் வாரியம் ஏற்கும் பட்டம் வேண்டும். உள்நாட்டில் அந்த வாரியத்தின் பொறியியல் அங்கீகார மன்றம் இதைக் கவனிக்கிறது. வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால், உறுப்பு நாடுகள் ஒன்றின் அங்கீகாரத்தை மற்றொன்று மதிக்கும் வாஷிங்டன் உடன்பாடு உதவும். மலேசியா 2009 முதல் அதில் முழு உறுப்பினர். மூன்று இடங்களில் பெற்றோர் தடுமாறுகிறார்கள். உள்நாட்டில் "பொறியியல் தொழில்நுட்பம்" என்ற பெயரில் வரும் பட்டம் தொழில்நுட்பவியலாளர் பதிவுக்கு உரியது. பொறியியலாளர் பதிவுக்கு உரியது அன்று. அமெரிக்கக் கலைக் கல்லூரிகள் சில, பொறியியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட கலைப் பட்டம் வழங்குகின்றன. படிப்பு அருமையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பட்டம் தனியாக அங்கீகாரம் பெற்றிருக்காவிட்டால் ஊர் திரும்பியபின் பதிவுக்கு அலைய நேரிடும். இந்தியா 2014-இல் உடன்பாட்டின் முழு உறுப்பினராகிவிட்டாலும், அங்கே கல்லூரியின் புகழ் போதாது. மகள் சேரும் குறிப்பிட்ட படிப்பு, அவர் சேரும் ஆண்டில் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த அங்கீகார விதிகளைப் படித்துப் பார்த்தாலே மகளின் பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். நம் நாட்டின் நான்காண்டுப் பொறியியல் பட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் பொறியியல் பாடங்களாகக் கட்டாயம் இருக்க வேண்டும். எஞ்சியதில் கணிதம், அறிவியல், மொழி, பொதுப் பாடங்கள் எல்லாம் இடம் பெறுகின்றன. அதுமட்டுமன்று, பட்டம் பெறுபவரிடம் இருக்க வேண்டிய தகுதிகள் என்று அந்த மன்றம் பட்டியலிடுவனவற்றில் சமூகப் பொறுப்பு, சுற்றுச்சூழல், தொழில் ஒழுக்கம், தெளிவாக எழுதவும் பேசவும் தெரிவது, குழுவாக இயங்குவது ஆகியவை இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே மனிதவியல் பாடங்கள் பொறியியலின் நேரத்தைத் திருடுவதில்லை. அவற்றுக்கு ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருக்கும் இடத்தில் எதைக் கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதில்தான் பல்கலைக்கழகங்கள் வேறுபடுகின்றன.

இனி, வரலாறு எதற்கு என்ற கேள்வி. உங்கள் மகள் சிவில் பொறியியல் படிக்க விரும்புவதால், கோலாலம்பூர்க்காரர்கள் மறக்க முடியாத ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். 1993 டிசம்பர் 11-ஆம் நாள், உலு கிள்ளானில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று சரிந்து விழுந்து 48 பேர் உயிரிழந்தனர். நாள் கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு பின்புறக் குன்றின் மண் நகர்ந்தது. தாங்கு சுவர்கள் உடைந்தன. பக்கவாட்டில் வந்த அழுத்தத்தைக் கட்டடத்தின் அடித்தளம் தாங்கவில்லை. மண்ணியக்கவியல் வகுப்பில் இதை ஒரு கணக்காகப் போடலாம். சரிவின் கோணம், மண்ணின் பிணைப்பு, மண்ணுக்குள் தேங்கும் நீரின் அழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்தால் பாதுகாப்புக் காரணி, அதாவது சரிக்கும் விசையைப்போல் தாங்கும் வலு எத்தனை மடங்கு என்ற எண், வந்துவிடும். நீர் கூடினால் அந்தக் காரணி குறையும் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவரும் அறிவார்.

அந்தக் கணக்கில் இல்லாதவற்றைப் பாருங்கள். குன்றிலிருந்து இறங்கிய ஓடை ஒன்று குழாய் வழியாகத் திருப்பிவிடப்பட்டிருந்தது. குன்றின் மேற்பகுதி வேறு உரிமையாளர்களின் நிலம். பிற்காலத்தில் அங்கே மரங்கள் அழிக்கப்பட்டன. மேம்பாட்டாளர் வீடுகளை விற்றுவிட்டு விலகியபின், வடிகால்களை யார் சுத்தம் செய்வது, யார் செலவை ஏற்பது, மேலேயிருக்கும் நிலத்தில் நடப்பதைக் கீழே குடியிருப்பவர் எப்படி அறிவது? வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மேம்பாட்டாளர், கட்டட வரைபடம் தயாரித்தவர், பொறியியலாளர், உள்ளூர் நகராண்மைக் கழகம், அண்டை நிலத்தார் என்று பல தரப்பினரிடையே பொறுப்பைப் பகிர்ந்து வைத்தது. கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது, அதன் பின்னாலிருக்கும் சரிவின் பாதுகாப்பையும் பொறியியலாளர் கருத்தில் கொண்டிருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பில் அடங்கிய செய்தி. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், நகராண்மைக் கழகத்துக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கை வகுப்பில் எடுத்துப் பேசியபோதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மாணவர்கள் சுவரின் தடிமனைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள். வடிகால் யாருடையது என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். அது தங்கள் பாடமில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் அடைபட்ட வடிகால்தான் நீரைத் தேக்குகிறது. தேங்கிய நீர்தான் அவர்கள் போடும் கணக்கின் விடையை மாற்றுகிறது. நிலத்தின் வரலாறு, நில உரிமைச் சட்டம், நகராட்சி நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு ஆகியவை பொறியியல் கணக்குக்குள் எண்களாக நுழைந்துவிடுகின்றன. நுழைவதை அறியாத பொறியியலாளர், சரியான சூத்திரத்தில் தவறான நிலைமையைப் போட்டுக் கணக்கிடுகிறார்.

இதைவிடச் சிறிய, ஆனால் நம் சமூகத்துக்கு நெருக்கமான மற்றொன்றும் உண்டு. கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறின. அப்படிப்பட்ட ஒரு மலிவு விலைக் குடியிருப்பில், ஒன்பதாவது மாடியில் இறந்த ஒரு பெரியவரின் சவப்பெட்டி மின்தூக்கிக்குள் படுக்கை வாட்டில் நுழையவில்லை. படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கைப்பிடிச் சுவரில் இடிக்காமல் திருப்ப வேண்டியிருந்தது. மகன்களும் பேரன்களும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். ஊதுபத்தியும் தீச்சட்டியும் பின்னால் வந்தன. அந்த மின்தூக்கியை வடிவமைத்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்று ஆவணங்கள் சொல்லும். குடியிருப்போர் எண்ணிக்கை, காலை நெரிசலில் ஒருவர் எத்தனை வினாடி காத்திருக்கலாம், ஒரு தடவையில் எத்தனை பேர் ஏறலாம் என்ற மூன்றையும் வைத்து முறையாகத்தான் கணக்கிட்டிருப்பார். அந்த வீடுகளில் மனிதர்கள் இறக்கவும் செய்வார்கள், வீட்டிலிருந்துதான் இறுதி ஊர்வலம் புறப்படும் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை. மக்களிடம் சென்று அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதும் பயிற்சியை மானுடவியலும் சமூகவியலும் தருகின்றன. அந்தப் பயிற்சி பெற்ற ஒருவர் வடிவமைப்புக் குழுவில் இருந்திருந்தால், கேள்வி வரைபட நிலையிலேயே எழுந்திருக்கும். அப்போது மாற்றுவதற்குச் செலவும் பெரிதாக ஆகியிருக்காது.

மகள் கேட்பது புதுமையான ஆசையும் அன்று. சூரிச் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகம் 1855-இல் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே கலை வரலாறும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவின் எம்.ஐ.டி., பேராசிரியர் குழு ஒன்று 1949-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1950-இல் மனிதவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தனிப் புலம் அமைத்தது. இன்றும் அங்கே இளநிலை மாணவர் எவராயினும் மனிதவியல், கலை, சமூக அறிவியல் துறைகளில் எட்டுப் பாடங்கள் படித்தாக வேண்டும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் மனிதவியல் துறை உண்டு. சென்னைக் கழகம் 2006-இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. படிப்பையே தொடங்கியது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் 2016-இல் இதற்கெனத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. அருகில் சிங்கப்பூரில், எம்.ஐ.டி.யின் கூட்டு முயற்சியுடன் 2009-இல் நிறுவப்பட்ட தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகமும் இவ்வகைப் பாடங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இவற்றுள் பெர்லினின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரி, நாஜி ஆட்சிக் காலத்தில் ஆயுதத் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப் புலமே வைத்திருந்தது. ஹிட்லரின் ஆயுத அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பீர் அங்கே கட்டடக்கலை படித்தவர்; அங்கேயே பேராசிரியர் ஒருவரின் உதவியாளராகவும் இருந்தவர். போர் முடிந்து 1946 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டபோது, அந்நிறுவனம் பழைய பெயரை விட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற பெயரை ஏற்றது. பொறியியல் மாணவர்கள் மனிதவியலும் படிக்க வேண்டும் என்று விதித்தது. 1950-இல் அதற்கென ஒரு புலத்தையும் உருவாக்கியது. சொன்னதைச் செய்து முடிக்கும் திறமை மட்டும் கொண்டவர்களை ஓர் அரசு எதற்கெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் எடுத்த முடிவு அது. இலக்கியம் படித்தவர் எல்லாரும் நல்லவர் ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அதே ஜெர்மனியில் கவிதையும் மெய்யியலும் நன்கறிந்த பலர் அந்த ஆட்சிக்குத் துணைபோனார்கள். மனிதவியல் படிப்பு ஒருவருக்கு நல்ல மனத்தைக் கொடுத்துவிடாது. செய்யச் சொன்ன வேலை யாருக்காக, யாருடைய செலவில், என்ன விளைவோடு நடக்கிறது என்று உரிய நேரத்தில் கேட்கும் பழக்கத்தைக் கொடுக்க முடியும். அந்த அளவுக்குத்தான் நான் அதை நம்புகிறேன். அந்த அளவே போதும் என்றும் நினைக்கிறேன்.

நம் நாட்டில் தொழில்நுட்பக் கல்வியும் கலைக்கல்வியும் பிரிந்து நிற்பதற்குக் காலனித்துவக் காலமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இன்றைய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1904-இல் கோலாலம்பூரில் டிரேச்சர் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கிய ஒன்று. 1975-இல்தான் இப்போதைய பெயரைப் பெற்றது. தொடக்கக் காலத்தில் அரசாங்கத் துறைகளுக்குத் தேவையான உதவியாளர்களை உருவாக்குவதே நோக்கம். பாதை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர் ஒருவர், அளந்து போடுபவர் மற்றொருவர் என்ற பிரிவினை அப்போதே பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. அளந்து போடுபவருக்கு வரலாறு எதற்கு என்ற கேள்வி அன்று ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் முடிவெடுக்கும் நாற்காலியில் அமரப் போகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இப்போது சமூக அறிவியலுக்கும் மனிதவியலுக்கும் தனிப் புலம் இருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.

விளம்பரத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலேசியாவில் எந்த உயர்கல்விக்கூடத்தில் சேர்ந்தாலும் பொதுப் பாடங்கள் சில கட்டாயம் உண்டு. மாணவர்கள் அவற்றை எம்.பி.யு. பாடங்கள் என்பார்கள். மெய்யியலும் நடப்பு விவகாரங்களும், ஒழுக்கமும் நாகரிகமும் என்ற தலைப்புகளில் அவை அமைந்திருக்கின்றன. நல்ல விரிவுரையாளர் கையில் அவையும் பயனுள்ளவையே. ஆனால் எல்லாரும் சட்டப்படி செய்வதை மட்டும் காட்டி, "நாங்கள் மனிதவியலை இணைத்திருக்கிறோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதற்காகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் மாணவரையும் பெற்றோரையும் வரவழைத்துச் சுற்றிக்காட்டும் திறந்த நாளன்று, வண்ணக் கையேட்டை ஒதுக்கிவிட்டு நான்காண்டுப் பாட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மனிதவியல் பாடங்கள் எல்லாம் முதலாண்டிலேயே முடிந்துவிடுகின்றனவா என்று பாருங்கள். முடிந்துவிட்டால், கணிதத்தோடு மல்லுக்கட்டும் மாணவர் அவற்றைக் கடமைக்குப் படித்துக் கடந்துவிடுவார் என்று பொருள். வடிவமைப்புப் பணி தொடங்கும் மூன்றாம், நான்காம் ஆண்டுகளிலும் அவை தொடர்ந்தால், அதை உருவாக்கியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அடுத்து, அவற்றைக் கற்பிப்பவர்கள் யார் என்று கேளுங்கள். வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் முழுநேரப் பேராசிரியர்கள் அங்கேயே இருக்கிறார்களா, அல்லது பருவத்துக்குப் பருவம் மணிக்கணக்கில் அழைக்கப்படுபவர்களா என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவர்கள்தான் பொறியியல் பேராசிரியரோடு சேர்ந்து அமர்ந்து ஒரு பாடத்தை உருவாக்க முடியும்.

மதிப்பீட்டு முறையைக் கேட்பது எல்லாவற்றிலும் முக்கியம். சென்ற ஆண்டின் வினாத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சரியான விடைக்கு வட்டமிடும் வினாக்களாக இருந்தால் அது மனிதவியல் கல்வியே அன்று. மாணவர் கட்டுரை எழுதி, ஆசிரியர் திருத்திக் கொடுத்து, மறுபடியும் எழுதவைக்கும் வழக்கம் இருக்கிறதா? எம்.ஐ.டி.யில் இப்பாடங்கள் சில எழுத்துக்கும் பேச்சுக்கும் அழுத்தம் தருவனவாகத் தனியே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. மேலும், எட்டையும் சிதறலாக எடுக்காமல் ஒரு துறையில் ஓரளவு ஆழமாகச் செல்லவும் விதி இருக்கிறது. வரலாற்றில் ஒன்று, இசையில் ஒன்று, உளவியலில் ஒன்று என்று நுனிப்புல் மேய்வதைவிட, ஒரே துறையில் மூன்று பாடங்கள் படிப்பது அறிவை ஊன்ற வைக்கும். கடைசியாக, இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டங்கள் இரண்டின் அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். யாருக்காக வடிவமைத்தார்களோ அந்த மக்களை மாணவர்கள் நேரில் சந்தித்ததற்கு அறிகுறி இருக்கிறதா, அந்தச் சந்திப்பால் வரைபடத்தில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்பதை அதில் காணலாம். மாறியிருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பகுதியை வைத்து ஒரு நடைமுறைச் செய்தி. 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் உண்டு, மனிதவியலும் உண்டு. ஆனால் மனிதவியல் பள்ளி பினாங்குத் தீவில் மிண்டனில் இருக்கிறது, பொறியியல் வளாகம் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது. வீட்டுக்கு அருகில் என்பது உங்களுக்கு நன்மை. ஆனால் மிண்டனில் நடக்கும் விருப்பப் பாடத்துக்கு மகளால் போய்வர முடியுமா, இணையவழியில் மதிப்பெண்ணோடு படிக்க வழியிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலமும், 1956-இல் உருவான இந்திய ஆய்வியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தமிழில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அது தனி வசதி. அங்கும் பொறியியல் மாணவர் அத்துறையின் பாடத்தை எடுத்தால் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா என்பதைக் கேட்டே முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரை நினைத்தால், அந்நாட்டு அரசின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்கும் வெளிநாட்டு மாணவர் படிப்புக்குப்பின் மூன்றாண்டு அங்கே பணியாற்றக் கையொப்பமிட வேண்டும். மகள் அதைப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனை நம்ப முடியாது என்பதையும் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மனிதவியல் படித்ததற்காக முதல் சம்பளம் உயராது. முதல் நேர்காணலில் மதிப்பெண் சராசரியையும் மென்பொருளையும் தொழிற்பயிற்சியையும்தான் கேட்பார்கள். இந்த மட்டில் மகளின் பெரியப்பா சொல்வது சரி. மகள் வரைகலை மென்பொருளையும் கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளையும் நன்றாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவற்றைப் பருவ விடுமுறையிலும் தொழிற்பயிற்சியின்போதும் கற்றுக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்தபின் நிறுவனமே கற்றுத்தருவதும் உண்டு. கட்டுரையைத் திருத்தித் தரும் ஆசிரியரோ, நம் வாதத்தின் ஓட்டையைச் சுட்டிக்காட்டும் வகுப்போ அலுவலகத்தில் கிடைக்காது.

வேறுபாடு சில ஆண்டுகள் கழித்துத் தெரியும். பெரியப்பா பாயான் லெப்பாஸில் இருப்பதால் அவருக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தையே தருகிறேன். 1972-இல் தடையற்ற தொழிற்பேட்டையாகத் தொடங்கிய அப்பகுதியின் தொழிற்சாலைகளில், வாடிக்கையாளர் குறையுள்ள பொருளைத் திருப்பி அனுப்பினால் பொறியியலாளர் எட்டு டி (8D) எனப்படும் எட்டுப் படிநிலை அறிக்கை எழுத வேண்டும். குறையை விவரித்து, அது பரவாமல் தடுத்து, மூல காரணத்தைக் கண்டுபிடித்து, மீண்டும் நேராமல் செய்ய வேண்டும். மூல காரணம் என்ற கட்டத்தில் "பணியாளரின் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவது எளிது. சில மாதங்களில் அதே குறை திரும்ப வரும். ஏனெனில் செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின்முன் நிற்பவரோ நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். சோதித்த பொருளுக்கும் சோதிக்காத பொருளுக்கும் ஒரே நிறத் தட்டு வைத்திருப்பார்கள். இரவுப் பணியின் கடைசி மணியில் இலக்கு எண்ணிக்கையை எட்டும்படி மேற்பார்வையாளர் அவசரப்படுத்துவார். அந்தப் பணியாளரிடம் பத்து நிமிடம் மரியாதையாகப் பேசினால் இவையெல்லாம் வெளிவரும். எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி நேர்மையாக எழுதுவது, தூரத்திலிருக்கும் வாடிக்கையாளருக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று அறிந்தவர்தான் அந்தக் குறையை உண்மையில் நீக்குகிறார். அவரைத்தான் நிறுவனம் அடுத்த பொறுப்புக்கு அழைக்கிறது. பெரியப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். அவர் இத்தகைய அறிக்கைகளைக் கட்டாயம் பார்த்திருப்பார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மனிதவியல் மீதுள்ள ஆர்வம் கணிதத்திலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்துவிடக் கூடாது. சிவில் பொறியியலில் நுண்கணிதமும் இயக்கவியலும் உறுதியாக இல்லாதவர், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பேசினாலும், பாலத்துக்கோ அணைக்கோ பொறுப்பேற்க முடியாது. எஸ்.டி.பி.எம். கணிதத்திலும் இயற்பியலிலும் மகளின் தேர்ச்சி உண்மையிலேயே நன்றாக இருந்தால் கவலையில்லை. இரண்டில் ஒன்று தளர்வாக இருந்தால், பல்கலைக்கழகம் திறப்பதற்குமுன் உள்ள மாதங்களை அதற்கே செலவிடச் சொல்லுங்கள்.

அவர் தமிழ் இலக்கியம் எடுத்ததைப் பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பாடத்தைப் பள்ளி நேரத்துக்கு வெளியே, தன்னார்வ ஆசிரியர்களின் வார இறுதி வகுப்புகளில் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அறிவியல் பிரிவுக்குப் போகப் போகிறவர் அந்தச் சுமையை விரும்பி ஏற்றிருக்கிறார் என்றால், அவருடைய இன்றைய பிடிவாதம் விளம்பரத்தைப் பார்த்துத் திடீரென வந்ததன்று. கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் படிக்கும்போது, பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனிக்கப் பழகியிருப்பார். வீடமைப்புக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று சொல்லும்போது அவர் உண்மையில் சம்மதிக்கிறாரா என்று அறிய அதே கவனம்தான் தேவைப்படுகிறது.

விரும்பிய பல்கலைக்கழகம் கிடைக்காமல் போகலாம், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. பொதுச் சேர்க்கை முறை வழியாக வரும் இடம் வேறாக இருக்கலாம். அப்போது மகளை மனம் தளர விடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற எந்தப் பொறியியல் படிப்பிலும் விருப்பப் பாடங்களுக்குச் சிறிது இடம் இருக்கும். அவற்றை எளிதாக மதிப்பெண் வரும் பாடங்களுக்குக் கொடுத்துவிடாமல், ஒரே மனிதவியல் துறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இறுதியாண்டுத் திட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போது, மக்கள் குடியிருக்கும் உண்மையான ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்கு நீங்களும் மகளும் மட்டும் போகாமல் பெரியப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். ஆய்வுக்கூடமும் வடிவமைப்புத் திட்டங்களும் தரமானவையா என்று உங்கள் இருவரையும்விட அவரால் நன்றாகக் கணிக்க முடியும். வினாத்தாளையும் மனிதவியல் ஆசிரியர்களையும் பற்றி மகள் கேட்கட்டும். இரண்டு மூன்று இடங்களின் நான்காண்டுப் பாட அட்டவணைகளும் கட்டண விவரமும் கைக்கு வந்தபின், விண்ணப்பம் செய்வதற்குமுன் அவற்றை இந்தப் பகுதிக்கு அனுப்பினால் பார்த்துக் கருத்து எழுதுகிறேன்.